சுண்ணாம்புக்கல்லில் பூத்தவை

லண்டன் செல்சியில், தேம்ஸ் நதிக்குப் பக்கத்தில், மருந்துச் செடிகளுக்காக 1673இல் தொடங்கிய தோட்டம் ஒன்று இன்றும் இருக்கிறது. அதன் நடுவே ஒரு சிறு குளம். குளத்தைச் சுற்றி, அழகென்று சொல்ல முடியாத ஒரு கற்குவியல். வழிகாட்டி சொல்லாவிட்டால் யாரோ கட்டட வேலை முடித்துவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் போனார்கள் என்றுதான் நினைப்போம். 1773இல் கட்டப்பட்ட அந்தக் குவியல்தான் ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய பாறைத் தோட்டம். அதற்குள் லண்டன் கோபுரக் கோட்டையிலிருந்து கழித்த ஏறத்தாழ 40 தொன் பழங்கல் இருக்கிறது. ஜோசப் பாங்க்ஸ் 1772இல் ஐஸ்லாந்து போய்த் திரும்பியபோது கப்பலின் அடிப்பாரமாக ஏற்றிவந்த கறுப்பு எரிமலைக் கல்லும் இருக்கிறது.

கல் ஓரிடத்திலிருந்து வந்தது. அதன் இடுக்கில் நட்ட செடி இன்னோரிடத்திலிருந்து வந்தது. இரண்டையும் சேர்த்து மூன்றாவது இடமொன்றில் ஒரு மலையைப் பாவனை பண்ணுவதுதான் பாறைத் தோட்டம். அடுத்த 200 வருடங்களில் இது ஒரு கலையாக வளர்ந்தது, வணிகமாகவும் வளர்ந்தது. எங்கிருந்து எடுத்தார்கள், எடுத்த இடத்துக்கு என்ன நடந்தது என்ற கேள்விகளை மட்டும் வெகுகாலம் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளைப் பற்றியது.

நான் தாவரவியல் படித்தவன் அல்ல. கணினித் துறையில் ஆலோசகராக வேலை செய்கிறேன். மேற்படிப்புக்கு வந்து லீட்ஸில் தங்கிவிட்டவன். யோர்க்‌ஷயர் மலைகளுக்கு நடக்கப் போகத் தொடங்கியபோது என்னை இழுத்தது பூ அல்ல, கல். இங்கிள்பரோ என்ற மலை 723 மீற்றர் உயரம். அதன் தோள்களில் மண்ணே இல்லாமல் வெள்ளைச் சாம்பல் நிறத்தில் சுண்ணாம்புக்கல் தளம் தளமாக விரிந்து கிடக்கும். கடைசிப் பனியுகத்தில் பனிப்பாளம் மேல்மண்ணை வழித்துக்கொண்டு போனது. பின்னர் மழை அந்தக் கல்லைக் கரைத்துப் பிளவு பிளவாக்கியது. மேட்டுப் பலகையை இங்கே கிளின்ட் என்பார்கள், பிளவைக் கிரைக் என்பார்கள். மலைமேல் ஓடும் ஓடை ஒன்று கேப்பிங் கில் என்ற குழிக்குள் நூறு மீற்றருக்குச் சற்றுக் குறைவாக நேரே விழுந்து மறைந்து, கீழே கிளாப்பம் கிராமத்துக்கு மேலே குகை வாசலில் திரும்ப வெளிவருகிறது.

யாழ்ப்பாணத்துக்காரனுக்கு இது அந்நியமாகத் தெரியாது. எங்கள் குடாநாடும் சுண்ணாம்புக்கல்தான். இங்கிள்பரோவின் கல்லைவிட வயதில் மிக இளையது, ஆனால் குணம் ஒன்று. மழை விழும், நிலத்துக்கு மேலே ஆறு இருக்காது, தண்ணீர் கல்லுக்குள்ளால் போய்க் கீரிமலையில் கடலோரம் ஊற்றாக வரும். நிலாவரைக் கிணற்றுக்கு அடியில்லை என்று சிறுவயதில் நம்பினோம். என் அப்பப்பா அலவாங்கால் கல்லை உடைத்துக் கிடங்கு வெட்டி, வேறு காணியிலிருந்து செம்மண் கொண்டுவந்து நிரப்பி மரம் வைத்தார். கல்லில் ஒன்றை வளர்ப்பது எப்படி என்பது எங்களுக்குப் புதிய கேள்வி அல்ல. அந்தக் கேள்வியை வைத்து ஒரு தேசமே பித்துப் பிடித்து அலைந்ததுதான் எனக்குப் புதினமாக இருந்தது.

*

முதலில், இந்தச் செடிகள் எப்படிப்பட்டவை என்று சொல்லவேண்டும். எங்கள் ஐந்திணையில் குறிஞ்சி மலைநிலம். ஆனால் அது தேனும் தினையும் மூங்கிலும் உள்ள மலை. அல்பைன் செடி என்பது அதற்கும் மேலே, மரங்கள் நின்றுபோகும் கோட்டுக்கு அப்பால் வாழ்வது. அங்கே வருடத்தின் பெரும்பகுதி பனி. பூத்து, காய்த்து, விதை உதிர்க்கக் கிடைப்பது சில வாரங்கள். காற்றுக்குத் தப்ப உடலைக் குறுக்கி மெத்தை போலத் தரையோடு ஒட்டிக்கொள்ளும். வேர் மட்டும் கற்பொடிக்குள் வெகு ஆழம் போகும். உள்ளங்கை அகலச் செடி; அதை முழுவதும் மூடிவிடும் அளவுக்குப் பூ.

இவை குளிருக்குப் பழகியவை, குளிர்நாடான இங்கிலாந்தில் சுகமாக வளரும் என்று பலர் எண்ணினார்கள். வளரவில்லை. காரணம் குளிர் அல்ல, ஈரம். மலையில் குளிர்காலம் முழுவதும் செடி பனிப்போர்வைக்குக் கீழே உறைநிலையை ஒட்டிய வெப்பத்தில், காய்ந்து, உறங்கிக் கிடக்கும். இங்கிலாந்தின் குளிர்காலமோ மழை. ஒரு நாள் உறைபனி, மறுநாள் இளஞ்சூடு, பிறகு மழை. செடி உறங்கவும் முடியாமல் விழிக்கவும் முடியாமல் அழுகும். குளிரைத் தாங்கிய செடி இங்கே மிதமான காலநிலையால் இறந்தது.

இதை விளங்கிக்கொள்ள ஒரு நூற்றாண்டு பிடித்தது. இன்ஸ்புரூக்கில் இருந்த தாவரவியலாளர் அன்டன் கெர்னர் 1864இல் அல்பைன் செடிகளை வளர்ப்பது பற்றி ஒரு நூல் எழுதினார். அயர்லாந்துக்காரரான வில்லியம் ரொபின்சன் 1870இல் ஆங்கிலத் தோட்டக்காரர்களுக்காக இன்னொன்று எழுதினார். அது இரயில் அல்ப்ஸ் மலையின் அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்த காலம். லண்டனில் மலையேறிகளுக்கென்று 1857இலேயே சங்கம் தொடங்கிவிட்டது. ஏறியவர்கள் இறங்கும்போது ஒரு செடியையாவது பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். கியூ தாவரவியல் பூங்காவில் 1882இல் பாறைத் தோட்டம் கட்டப்பட்டது. பணக்காரர்கள் தங்கள் காணிகளில் மலைகளையே கட்டினார்கள். ஹென்லியில் ஃப்ரயர் பார்க் என்ற மாளிகையில் சேர் பிராங்க் கிறிஸ்ப் என்ற வழக்கறிஞர் ஆயிரக்கணக்கான தொன் கல்லை இறக்கி, மட்டர்ஹோர்ன் சிகரத்தின் சிறு வடிவம் ஒன்றை எழுப்பினார். பிற்காலத்தில், 1970இல், அந்த மாளிகையை வாங்கியவர் பீட்டில்ஸ் குழுவின் ஜோர்ஜ் ஹரிசன். கிறிஸ்பைப் பற்றி அவர் ஒரு பாட்டே கட்டினார்.

*

இந்தப் போக்கைத் திருப்பிப் போட்டவர் இங்கிள்பரோ அடிவாரத்துக் கிளாப்பம் கிராமத்தில் வளர்ந்த ரெஜினோல்ட் ஃபரர். 1880இல் பிறந்தார். பிறக்கும்போதே உதடும் மேலண்ணமும் பிளந்திருந்தன. சிறுவயது முழுவதும் சத்திரசிகிச்சைகள்; பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்தார். பேச்சு மற்றவர்களுக்குச் சுலபமாக விளங்காது. பெரிய பண்ணையின் வாரிசு, ஆனால் தோழர்கள் இல்லை, மலை இருந்தது. பதினான்கு வயதில் கைவிடப்பட்ட ஒரு கல்லுக் கிடங்கைத் தன் முதல் பாறைத் தோட்டமாக்கினார். ஒக்ஸ்போர்டில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி, கிறேவன் என்ற பெயரில் செடி விற்கும் நாற்றுப்பண்ணை ஒன்றைத் தொடங்கினார்.

பேச முடியாதவர் எழுதத் தொடங்கியபோது அடங்கவில்லை. 1907இல் வந்த 'என் பாறைத் தோட்டம்' என்ற நூலில் அக்காலத் தோட்டங்களைப் பிடித்துக் கேலி செய்தார். ஒன்று களியில் பாதாம் பருப்பைக் குத்தி நிறுத்தியது போல, ஒன்று செல்ல நாயின் சமாதி போல என்றெல்லாம் வகைப்படுத்தினார். அவருடைய கேலிக்குப் பின்னால் ஒரு நியாயம் இருந்தது. தோட்டம் கல்லைக் காட்டுவதற்கு அல்ல, செடி வாழ்வதற்கு. கல்லைக் கிடையாகப் படுக்கவைத்து, இயற்கையில் படிந்து கிடப்பது போல வரிசைப்படுத்தவேண்டும். அதற்குக் கீழே தண்ணீர் நிற்காமல் ஓடவேண்டும். பனியாறு தள்ளிவிட்டுப் போகும் கற்சிதறலை மொரெயின் என்பார்கள். அதே போலச் சல்லியும் கற்பொடியும் நிறைந்த பாத்தி ஒன்றை அமைத்து, அடியில் தண்ணீர் ஓடவிடும் முறையை அவர் பரப்பினார். வேருக்கு ஈரம், கழுத்துக்குக் காய்ச்சல். அதுவரை அழுகிச் செத்தவை பிழைக்கத் தொடங்கின.

1914இல் நண்பர் போல்ஸ் எழுதிய தோட்ட நூலுக்கு ஃபரர் முன்னுரை எழுதினார். பணத்தைக் கொட்டி மலை கட்டும் கோடீஸ்வரர்களை அதில் குத்தினார். பெயர் சொல்லவில்லை, ஆனாலும் கிறிஸ்ப் அது தன்னைத்தான் என்று எடுத்துக்கொண்டு, போல்ஸைத் தாக்கிப் பிரசுரம் ஒன்றை அச்சிட்டார். அந்த வருட செல்சி மலர்க் கண்காட்சியில் அது விநியோகிக்கப்பட்டது. முன்னுரை எழுதியவர் அப்போது ஊரிலேயே இல்லை. சீனத்தில் செடி தேடிக்கொண்டிருந்தார். முன்னுரைக்காக நூலாசிரியர் அடிவாங்கும் வழக்கம் எங்கள் இலக்கிய உலகத்துக்கு மட்டும் உரியதல்ல என்பதற்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

ஃபரருக்கும் எங்கள் தீவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவர் இலங்கைக்குப் போனார், அங்கே பௌத்தரானார். அந்தப் பயணம் பற்றிய அவருடைய நூல் 1908இல் வெளிவந்தது. யோர்க்‌ஷயர் நிலப்பிரபுக் குடும்பத்தில், அந்தக் காலத்தில், இது சின்ன விஷயம் அல்ல. ஓர் உயிரையும் துன்புறுத்தாத நெறியை ஏற்றவர், பின்னர் மலை மலையாக ஏறிச் செடிகளைத் தோண்டினார். இந்த முரணை அவர் எப்படிச் சமாளித்தார் என்பதைவிட, அது அவர் காலத்தவர் பலருக்கு முரணாகவே தோன்றவில்லை என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

1914இலும் 1915இலும் வில்லியம் பர்டம் என்ற அனுபவசாலியோடு சீனத்தின் கான்சு மாகாணத்தில், திபெத் எல்லையோரம் அலைந்தார். அங்கிருந்து வந்ததுதான் ஜென்ஷியானா ஃபரரி: வானத்தின் நிறம், வெள்ளைத் தொண்டை, எக்காள வடிவம், இலையுதிர்காலத்தில் பூப்பது. குளிர்காலத்தில் இலையில்லாக் கொப்பில் மணக்க மணக்கப் பூக்கும் வைபர்னம் ஃபரரியும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அது சீனத் தோட்டங்களில் வெகுகாலமாக வளர்ந்தது. பர்டமே ஃபரருக்கு முன்னர் அதன் விதையை அனுப்பியிருந்தார். பெயர் எழுதியவருக்குப் போனது. பர்டம் சீனத்திலேயே தங்கி, அந்நாட்டு அரசின் வனத்துறைக்கு ஆலோசகராக வேலை செய்து, 1921இல் பீஜிங்கில் இறந்தார். அவரை நினைப்பவர்கள் சிலர்.

போர் முடிந்தபின் 1919இல் ஃபரர் மேல்பர்மாவுக்குப் போனார். இரண்டாம் வருடம் தனியே தங்கினார். மழை விடவில்லை. 1920 ஒக்டோபர் 17 அன்று, சீன எல்லைக்கு அருகே, நோயுற்று இறந்தார். நாற்பது வயது. அவர் பர்மாவில் சேகரித்தவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்தில் நிலைக்கவில்லை. பருவமழைக்குப் பழகியவை இந்த மழைக்குப் பழகவில்லை. கிளாப்பம் ஏரிக்கு மேலே உள்ள செங்குத்துப் பாறையில் அவர் துப்பாக்கியில் விதைகளை நிரப்பிச் சுட்டார் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கதையோ உண்மையோ, அவருக்குப் பொருந்துகிறது.

*

இனி இழப்புக் கணக்கு.

1919இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஃபரரின் பெருநூல் ஆயிரக்கணக்கானோரை இந்தச் செடிகளின் மேல் ஆசைப்பட வைத்தது. ஆசை தோண்டுகோலோடுதான் வந்தது. எரிட்ரிக்கியம் நானம் என்று ஒரு செடி உண்டு. அல்ப்ஸின் ராஜா என்பார்கள். உச்சிப் பாறைகளில் மட்டும் வளரும், மயிர் அடர்ந்த இலை, நம்பமுடியாத நீலம். அந்த மயிர் தாழ்நிலத்தின் குளிர்கால ஈரத்தைப் பிடித்துவைத்து அதை அழுகச் செய்துவிடும். வளராது என்று தெரிந்தும், தனக்கு மட்டும் வளரும் என்ற நம்பிக்கையில் ஒவ்வொருவரும் பிடுங்கிவந்தார்கள்.

இதை முதலில் எதிர்த்தவர்களில் ஒருவர் சுவிற்சர்லாந்துக்காரரான ஹென்றி கொரவோன். 1883இல் ஜெனீவாவில் செடிகளைப் பாதுகாக்க ஒரு சங்கம் அமைத்தார். அவருடைய வழி நடைமுறைக்கு ஏற்றது. ஆசைப்படாதே என்று மனிதனிடம் சொல்லிப் பயனில்லை. ஆகவே விதையிலிருந்து வளர்த்துக் கொடு. காட்டிலிருந்து பிடுங்கிய செடியைவிட நாற்றுப்பண்ணைச் செடி மலிவாகவும் பிழைக்கக்கூடியதாகவும் இருந்தால் பிடுங்குகிறவன் தானாக நிற்பான்.

இங்கிலாந்தில் அந்தப் புத்தி வரத் தாமதமானது. யோர்க்‌ஷயர் சுண்ணாம்பு மலைகளில் சீமாட்டிச் செருப்பு என்ற ஒர்க்கிட் இருந்தது. மஞ்சள் செருப்பு, அதற்கு அரக்கு நிற இதழ் நாடா. அழகே அதற்கு எமனாயிற்று. தோண்டி விற்றார்கள், சேகரித்தார்கள், உலர்த்தி ஒட்டினார்கள். 1917இல் அது நாட்டிலிருந்தே அற்றுப்போனதாகக் கருதப்பட்டது. 1930இல் ஒரேயொரு செடி கண்டுபிடிக்கப்பட்டது. ஒன்றே ஒன்று. கண்டவர்கள் இடத்தைச் சொல்லவில்லை. பல பத்தாண்டுகள் அந்த இரகசியத்தை ஒரு சிறு குழு காத்தது. பூக்கும் காலத்தில் பக்கத்தில் இருந்து காவல் பார்த்தார்கள். கியூவின் ஆய்வுகூடத்தில் விதையை முளைக்கவைக்கக் கற்று, 1989 முதல் நாற்றுகளை மலைக்குத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பிப் போனவற்றில் முதலாவது 2000ஆம் ஆண்டு பூத்தது. பிடுங்குவதற்கு ஒரு நிமிடம் போதும். திருப்பி நடுவதற்கு எழுபது வருடம்.

செடியைத் திருப்பி நடலாம். கல்லை நட முடியாது. ஃபரர் கற்பித்த இயற்கையான தோற்றத்துக்கு, மழை அரித்து வளைவும் பள்ளமும் விழுந்த சுண்ணாம்புக்கல்லைப் போலப் பொருத்தமானது வேறில்லை. புறநகர் வீடுகளின் முன்றிலில் சின்ன மலை வைக்க, இங்கிள்பரோவிலும் கம்ப்ரியாவிலும் கற்தளங்களை உரித்து இரயிலிலும் லொறியிலும் ஏற்றினார்கள். பனிப்பாளம் வழித்து, பல்லாயிரம் வருட மழை செதுக்கிய தளம், ஒரு வேலைநாளில் போகும். கிரைக்கின் நிழலில் வாழ்ந்த பன்னங்கள் சேர்ந்து போகும். 1981ஆம் ஆண்டுச் சட்டம்தான் கற்தளங்களைத் தனியே பாதுகாக்க வழிசெய்தது. இன்று அந்த மலைகளில் நடக்கும்போது, வெட்டிய விளிம்பு தெரியும் இடங்களைப் பார்க்கிறேன். அங்கே தளம் திரும்ப உருவாவதற்கு இன்னொரு பனியுகம் வேண்டும்.

இதை இங்கிலாந்துக்காரரின் குற்றமாக மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காக எங்கள் வடகரையில் அதே கல்லைத்தான் தோண்டினோம். அந்தக் கிடங்குகள் இன்னும் இருக்கின்றன. அந்தச் சீமெந்தில்தான் எங்கள் வீடுகளும் கோயில் மதில்களும் எழுந்தன. எங்கள் நல்ல தண்ணீரைத் தேக்கிவைப்பதும், கடல்நீர் உள்ளே வராமல் தடுப்பதும் அந்தக் கல்தான் என்பதை வீடு கட்டும்போது யார் நினைத்தோம்? தேவைக்காக எடுப்பதும் அழகுக்காக எடுப்பதும் ஒன்றல்ல. ஆனால் கல்லுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

*

பாறைத் தோட்டத்தின் கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேன். 1920களில் கிளாரன்ஸ் எலியட் என்ற நாற்றுப்பண்ணைக்காரர், பண்ணைகளில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய கல்தொட்டிகளில் அல்பைன் செடிகளை நட்டுக் காட்டினார். மாடு தண்ணீர் குடித்த தொட்டி ஒரு மலையாயிற்று. கோடீஸ்வரனின் மட்டர்ஹோர்ன் வேண்டாம். கதவடியில் இரண்டு முழ இடம் போதும். கல்தொட்டிகள் அருகியபின் சீமெந்து, மணல், இலைமக்கு கலந்து வீட்டிலேயே தொட்டி வார்க்கப் பழகினார்கள். 1929இல் அல்பைன் தோட்டச் சங்கம் தொடங்கியது. 1933இல் ஸ்கொட்லாந்துக்காரர் தங்களுக்கென்று ஒன்றைத் தொடங்கினார்கள். இரண்டும் வருடந்தோறும் உறுப்பினரிடையே விதைகளைப் பரிமாறுகின்றன. கொரவோன் சொன்ன வழி கடைசியில் கடித உறைக்குள் வந்து சேர்ந்தது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை 1973இல் ஒப்பமானது. 2010இன் நகோயா ஒப்பந்தம் இன்னொரு படி மேலே போய், ஒரு நாட்டின் தாவரச் செல்வத்திலிருந்து வரும் பயனில் அந்த நாட்டுக்கும் பங்குண்டு என்றது. ஃபரரின் காலத்தில் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

என் வீட்டுப் பின்பக்கத்தில் சீமெந்தில் வார்த்த இரண்டு தொட்டிகள் இருக்கின்றன. மூன்று பங்கு சல்லி, ஒரு பங்கு மண். குளிர்காலத்தில் மேலே ஒரு கண்ணாடித் துண்டு. குளிரை மறைக்க அல்ல, மழையை மறைக்க. சாக்ஸிஃப்ரேஜ் மெத்தை விரித்திருக்கிறது. விதையிலிருந்து வந்த ஜென்ஷியன் ஒன்று மூன்றாம் வருடம் பூத்தது.

புலம்பெயர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் ஓர் உவமை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். பெயர்த்து நட்ட செடி, அந்நிய மண், வேர். நான் அதைத் தொடப் போவதில்லை. எங்களை யாரும் அழகுக்காகத் தோண்டிக் கொண்டுவரவில்லை. வந்த காரணங்கள் எங்களுக்குத் தெரியும். செடிக்குத் திரும்பிப் போவதா என்ற கேள்வியும் இல்லை. எனக்கு இந்த வரலாறு தருவது வேறொன்று. ஒரு பொருளை நேசிப்பவன் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கடமைப்பட்டவன். எங்கள் பிள்ளைகள் ஊரிலிருந்து எதையாவது கேட்கிறார்கள்: ஒரு சொல், ஒரு பாட்டு, ஒரு சமையல். கேட்பது நல்லது. ஆனால் எடுத்துக்கொண்ட இடம் இன்றைக்கு எப்படி இருக்கிறது, அங்கே இன்னும் யார் அதை வளர்க்கிறார்கள், நாங்கள் திருப்பி அனுப்ப என்ன இருக்கிறது என்றும் கேட்க அவர்களுக்குப் பழக்கவேண்டும்.

கொரவோன் கண்டது எளிய உண்மை. செடியைப் பிடுங்கினால் ஓரிடத்தில் இல்லாமல் போய் இன்னோரிடத்தில் இருக்கும்; பெரும்பாலும் இரண்டு இடத்திலும் இல்லாமல் போகும். விதையை எடுத்தால் இரண்டு இடத்திலும் இருக்கும். இந்த ஆவணியில் ஜென்ஷியனின் காய் வெடித்தபோது தூள் போன்ற விதை விழுந்தது. பாதியைத் தொட்டியிலேயே விட்டேன். மீதியை உறையிலிட்டு, பெயரும் வருடமும் எழுதி, சங்கத்துக்கு அனுப்பினேன்.